சோப்புக் கலவை எவ்வளவு நேரம் காத்திருக்கும்? நம் ஊர் எண்ணெய்கள் ஓர் ஒப்பீடு

வீட்டில் கோல்ட் ப்ராசஸ் முறையில், அதாவது அடுப்பில் காய்ச்சாமல் எண்ணெயோடு காஸ்டிக் சோடாக் கரைசலைக் கலந்து, சோப்பு செய்கிறவர்கள் எண்ணெய் வாங்கும்போது வழக்கமாகக் கேட்பவை இரண்டு: சருமத்துக்கு எது நல்லது, எதில் நுரை நன்றாக வரும். இரண்டுக்கும் பதில் கிடைக்க சோப்பு காய்ந்து நான்கு முதல் ஆறு வாரம் ஆக வேண்டும். அதற்கு வெகு முன்பே, காஸ்டிக் கரைசலை ஊற்றிய முதல் பத்து நிமிடத்திலேயே, எண்ணெய் தன் குணத்தைக் காட்டிவிடுகிறது. ஒரு கலவை நிதானமாக நின்று, மூன்று கிண்ணமாகப் பிரித்து நிறம் சேர்க்க விடும். இன்னொன்று, நிறப்பொடியை எடுக்கத் திரும்புவதற்குள் கரண்டியைப் பிடித்துக்கொள்ளும். புதிதாகச் செய்கிறவர்கள் மனம் விட்டுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ஆகவே நான் சொல்லும் வரிசை வேறு. முதலில், ஊற்றி முடிக்க உங்களுக்கு எவ்வளவு அவகாசம் வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். ஒரே நிறத்தில் ஒரே அச்சில் ஊற்றப்போகிறீர்களா, அடுக்கடுக்காகவா, பல நிறங்களைச் சுழித்துவிட்டுச் சுழல் போடுவதாக உத்தேசமா? அதற்கு ஏற்ற எண்ணெய்களை எடுத்துவைத்துக்கொண்டு, அப்புறம் நுரையையும் சருமத்தையும் பார்க்கலாம். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எண்ணெயின் பெயர் எவ்வளவு முக்கியமோ, அந்த பாட்டிலில் இருக்கும் எண்ணெய் எந்த நிலையில் இருக்கிறது என்பதும் அவ்வளவு முக்கியம். செக்கில் ஆட்டியதா, ரீஃபைண்ட் செய்ததா, புதியதா, அலமாரியில் ஒரு வருஷம் கிடந்ததா என்று பார்க்காமல் "கடலை எண்ணெய் மெதுவாக இறுகும்" என்று மட்டும் நம்பினால் ஏமாற வேண்டிவரும்.

கலவை ஏன் இறுகுகிறது

எண்ணெயும் காஸ்டிக் கரைசலும் தாமாகக் கலக்காது. கிண்டும்போது இரண்டும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் மட்டும் கொஞ்சம் சோப்பு உண்டாகும். அந்தச் சோப்புதான் மீதி எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்துப் பிடிக்கிறது. பிடித்ததும் இரண்டும் தொடும் பரப்பு பெருகி, இன்னும் வேகமாகச் சோப்பு உண்டாகிறது. இதனால் கலவை ஒரே சீராக இறுகுவதில்லை. கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்காததுபோல் இருந்துவிட்டு, ஒரு கட்டத்தில் மளமளவென்று கெட்டியாகும்.

கண்ணால் பார்க்க வேண்டிய முதல் அடையாளம், கிண்ணத்தின் ஓரத்தில் மினுங்கும் எண்ணெய்க் கோடுகள். அவை மறைந்து, எண்ணெயின் மஞ்சள் வெளுத்து, மேற்பரப்பு முழுதும் ஒரே நிறமாக மங்கினால் இரண்டும் சேர்ந்துவிட்டன என்று அர்த்தம். சுழல் போடுகிறவர்கள் கலவையைக் கிண்டும் கைப் பிளெண்டரை இங்கேயே நிறுத்திவிட வேண்டும். அடுத்தது லேசான ட்ரேஸ் (கலவை தடித்து, மேலே விழும் கோடு கண்ணுக்குத் தெரியும் நிலைதான் ட்ரேஸ்): கரண்டியிலிருந்து வழியும் கலவை மேலே கோடாக விழுந்து, ஒரு கணம் நின்று, மறையும். கோடு மறையாமல் தங்கினால் நடுத்தர ட்ரேஸ். தோசை மாவுப் பதத்தைத் தாண்டி இட்லி மாவுப் பதத்துக்கு வந்துவிட்டால் இனி சுழலுக்கு வழியில்லை, அச்சில் அள்ளிப் போட்டுத் தட்டிச் சமப்படுத்தத்தான் முடியும்.

எண்ணெய்க்கு எண்ணெய் வேகம் மாறுவதற்கு முக்கியமான காரணங்கள் இரண்டு. முதலாவது, அதில் உள்ள கொழுப்பு அமிலங்களின் வகை. பாமிட்டிக், ஸ்டியரிக் போன்ற நிறைவுற்ற அமிலங்களின் சோப்பு சீக்கிரம் திடமாகும், அதனால் கலவை விரைவில் தடிக்கும். ஒலீயிக், லினோலீயிக் போன்றவற்றின் சோப்பு மென்மையானது, கலவை வெகுநேரம் வழியும் நிலையில் இருக்கும். இரண்டாவது, எண்ணெயில் ஏற்கெனவே பிரிந்துகிடக்கும் தனி அமிலங்கள். இவை கரைசல் பட்ட அந்த நொடியே சோப்பாகிவிடும். அப்படி உண்டாகும் சோப்பு மீதிக் கலவையையும் இழுத்துப் பிடிக்கும். பழைய எண்ணெயும் சுத்திகரிக்காத எண்ணெயும் திடீரென்று இறுகுவதற்கு இதுதான் காரணம்.

தேங்காய் எண்ணெய்: வெளியே அமைதி, உள்ளே வேகம்

தேங்காய் எண்ணெயில் கிட்டத்தட்ட பாதி லாரிக் அமிலம். சங்கிலி சிறியது என்பதால் இது காஸ்டிக்கோடு வேகமாக வினைபுரியும், நல்ல சூடு கிளப்பும். ஆனாலும் கலவையைப் பார்த்தால் அந்த வேகம் தெரியாது. ஆரம்பத்தில் நீர்த்தே இருக்கும், வேலை செய்யத் தாராளமாக இடம் கொடுப்பதுபோல் தோன்றும். அச்சில் ஊற்றிய பிறகுதான் தன் வேலையைக் காட்டும். தனித் தேங்காய் எண்ணெயில் செய்த சோப்பு சில மணி நேரத்தில் கல்லாகிவிடும். மறுநாள் காலையில் வெட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தால் கத்தி படும் இடத்தில் சில்லுசில்லாக உடையும். தொட்டால் கெட்டியாக, ஆனால் இன்னும் சூடாக இருக்கும்போதே வெட்டிவிட வேண்டும். இல்லையென்றால் பெட்டி அச்சை விட்டுவிட்டு, ஒற்றைச் சோப்புக் குழிகளாக இருக்கும் சிலிக்கான் அச்சில் ஊற்றுங்கள். எனக்குப் பிடித்தது இரண்டாவது வழிதான்.

வேகத்தை ஒதுக்கிவைத்துவிட்டுப் பார்த்தாலும் தேங்காய் எண்ணெய் இல்லாமல் நம் ஊரில் சோப்பு செய்வது சிரமம். போர் தண்ணீரில் உள்ள கால்சியம், மற்ற எண்ணெய்களில் செய்த சோப்பைத் திரித்து வெள்ளைப் படிவாக்கிவிடும். தேங்காய் எண்ணெய்ச் சோப்பு உப்புத் தண்ணீரிலும் நுரைக்கும். மொத்த எண்ணெயில் 25 முதல் 30 சதவீதம் இருந்தால் நுரைக்கும் குறைவில்லை, கலவையும் கைக்கு அடங்கும். அதற்கு மேல் போனால் பலருக்குத் தோல் வறளும். நூறு சதவீதமும் தேங்காய் எண்ணெயாகவே செய்கிறவர்கள், சோப்பாகாமல் மிஞ்சும் எண்ணெயை, அதாவது சூப்பர்ஃபேட்டை, வழக்கமான 5 சதவீதத்துக்குப் பதிலாக 20 சதவீதம் வைப்பது இதற்காகத்தான்.

பாமாயில்: எந்தப் பாமாயில்?

வெளிநாட்டுச் செய்முறைகளில் வரும் பாம் எண்ணெயும் நம் கடையில் பாக்கெட்டில் கிடைக்கும் பாமாயிலும் ஒன்றல்ல. முழுப் பாம் எண்ணெய் 35 டிகிரி சுமாருக்குத்தான் முழுதாக உருகும், குளிரில் வெண்ணெய் போல உறையும். நாம் சமையலுக்கு வாங்குவது பாமோலின், அதாவது அந்தக் கெட்டிப் பகுதியைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் திரவப் பகுதி. அதிலும் பாமிட்டிக் அமிலம் கணிசமாக உண்டு. ஆகவே கடலை எண்ணெயைவிட வேகமாகவே ட்ரேஸ் வரும். ஆனால் முழுப் பாம் எண்ணெயின் அளவுக்குக் கலவை தடிக்காது, சோப்பும் அந்த அளவுக்குக் கெட்டியாகாது. செய்முறையில் "பாம் 40 சதவீதம்" என்று போட்டிருப்பதைப் பாமோலினில் செய்துவிட்டு, இரண்டாம் நாளும் சோப்பு அச்சை விட்டு வரவில்லை என்றால் கோளாறு உங்கள் கையில் இல்லை. இன்னொரு நாள் அச்சிலேயே விடுங்கள், வந்துவிடும்.

ஒரே நிறச் சோப்பு, சீக்கிரம் வேலை முடிய வேண்டும், விலையும் குறைவாக இருக்க வேண்டும் என்றால் பாமோலின் நல்ல தேர்வு. சுழல் போட ஏற்றதல்ல, குறிப்பாகப் பிளெண்டர் பிடித்துப் பழகாதவர்களுக்கு. காடழிப்பை நினைத்துப் பாம் வகையே வேண்டாம் என்று ஒதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள், அதை நான் மதிக்கிறேன். அவர்கள் கெட்டித்தன்மைக்குக் கோகம் வெண்ணெயை (கோகம் பழ விதையின் கெட்டிக் கொழுப்பு) கொஞ்சமாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

மெதுவாகப் போகும் எண்ணெய்கள்

அவகாசம் வேண்டும் என்றால் செய்முறையின் பெரும்பகுதி இந்தக் கூட்டத்திலிருந்து வர வேண்டும்: கடலை எண்ணெய், தவிட்டு எண்ணெய், ஆலிவ் எண்ணெய், நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய்.

ஆலிவ் எண்ணெய்தான் இவற்றில் பெயர்பெற்றது. ஒலீயிக் அமிலம் 70 சதவீதம் சுமாருக்கு இருப்பதால் கலவை பொறுமையாக நிற்கும். ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஆலிவ் எண்ணெய் விலை அதிகம் என்பதால், குறைந்த விலையில் கிடைக்கும் பாமஸ் வகையைப் பலர் வாங்கிவருகிறார்கள். அது பிழிந்த பிறகு மிஞ்சும் சக்கையிலிருந்து கரைப்பான் கொண்டு எடுத்து ரீஃபைண்ட் செய்த எண்ணெய். சோப்பாகாத பொருட்கள் அதில் கூடுதல். கலவையில் அது சாதாரண ஆலிவ் எண்ணெயைவிடக் கண்கூடாக வேகமாக இறுகும். "ஆலிவ் மெதுவாகப் போகும் என்றார்களே" என்று குழம்பி நிற்கிறவர்கள் பாட்டிலின் லேபிளைத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் பாமஸ் என்றுதான் இருக்கும். தனி ஆலிவ் சோப்புக்கு இன்னொரு குணமும் உண்டு: ட்ரேஸுக்கும் நேரமாகும், காயவும் மாதக்கணக்கில் ஆகும்.

நம் ஊரில் ஆலிவின் இடத்தை எதற்குக் கொடுக்கலாம் என்று கேட்டால், தயங்காமல் ரீஃபைண்ட் தவிட்டு எண்ணெய் என்று சொல்வேன். ஒலீயிக்கும் லினோலீயிக்கும் சேர்ந்து முக்கால்வாசி, கூடவே பாமிட்டிக் 20 சதவீதம் சுமாருக்கு. அதனால் கலவை ஆலிவை விடச் சற்று முன்னதாகப் பிடித்தாலும் பிறகு நிதானமாகவே நடக்கும், சோப்பும் தளர்ந்துபோகாது. விலையும் கட்டுப்படியாகும். ஆனால் இதை மட்டுமே வைத்துச் செய்யாதீர்கள். பாதிக்கு மேல் போனால் சோப்பு மெழுகு போன்ற உணர்வைத் தரும், நாள்பட மிஞ்சிய எண்ணெய் சிக்குப் பிடித்து ஆரஞ்சுப் புள்ளி விழவும் வாய்ப்பு கூடும்.

ரீஃபைண்ட் கடலை எண்ணெய் எனக்கு மிகவும் நம்பிக்கையான எண்ணெய். கலவை வெளிர் மஞ்சளாக, வழவழப்பாக நிற்கும். நிறம் போட்டால் நிறம் மாறாது. வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவர்களுக்குக் கொடுப்பதாக இருந்தால் மட்டும் இதை எடுக்காதீர்கள். பரிசாகக் கொடுக்கும் சோப்பில் கடலை எண்ணெய் இருப்பதை எழுதியே கொடுங்கள்.

நல்லெண்ணெய் மெதுவாகத்தான் போகும், ஆனால் செக்கு நல்லெண்ணெய் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எள்ளோடு கருப்பட்டி சேர்த்து ஆட்டுவது நம் வழக்கம். சர்க்கரை எண்ணெயில் கரையாது என்றாலும் அடியில் தங்கும் வண்டலில் ஒட்டியிருக்கும். அதையும் சேர்த்துக் கவிழ்த்தால், காஸ்டிக் பட்டுக் கருகிய பழுப்புப் புள்ளிகள் சோப்பில் தெரியும். தெளிந்த எண்ணெயை மட்டும் மேலாக ஊற்றி, துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள். எண்ணெயின் சொந்த நிறமே தேன் நிறமாக இருப்பதால் வெள்ளைச் சோப்போ வெளிர் நீலமோ இதில் வராது. நலங்கு மாவு, மஞ்சள் சேர்க்கும் சோப்புகளுக்கு அழகாகப் பொருந்தும். சீக்கிரம் சிக்குப் பிடிக்கும் லினோலீயிக் 40 சதவீதத்தைத் தாண்டுவதால் மொத்தத்தில் 15 அல்லது 20 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. சூரியகாந்தி எண்ணெய்க்கும் இதே கணக்குதான், வாசனை மட்டும் கிடையாது.

விளக்கெண்ணெய்: கொஞ்சம் போதும்

விளக்கெண்ணெயில் 90 சதவீதம் சுமாருக்கு ரிசினோலீயிக் அமிலம். வேறெந்தச் சமையல் எண்ணெயிலும் இல்லாத அமிலம் இது. நுரையை நிலைக்க வைக்கும், அதற்காகத்தான் எல்லோரும் சேர்க்கிறார்கள். ஆனால் ட்ரேஸைத் துரிதப்படுத்தும், அளவு மீறினால் சோப்பு பிசுபிசுக்கும். 5 சதவீதம் போட்டாலே அதன் பலன் கிடைத்துவிடும். 8 வரை போகலாம், சுழல் போடும் நாளில் 5 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். கனமான எண்ணெய் என்பதால் பாத்திரத்தின் அடியில் தேங்கும். கரைசல் ஊற்றுவதற்கு முன்பே மற்ற எண்ணெய்களோடு நன்றாகக் கலக்கிவிடுங்கள்.

கெட்டி வெண்ணெய்களும் பொய் ட்ரேஸும்

மேற்குத் தொடர்ச்சி மலையில் விளையும் கோகம் பழத்தின் விதையிலிருந்து எடுக்கும் வெண்ணெயில் ஸ்டியரிக் அமிலம் பாதிக்கு மேல். 40 டிகிரி சுமாருக்குத்தான் உருகும். ஷியா, கோகோ வெண்ணெய்களும் இந்த வகையறாதான். 10 சதவீதம் சேர்த்தாலே சோப்பு நல்ல கெட்டியாகும். 20 தாண்டினால் கலவை சட்டென்று தடிக்கும்.

இவற்றில் கவனிக்க வேண்டியது பொய் ட்ரேஸ். உருக்கிய வெண்ணெயோடு, ஆறிப்போன காஸ்டிக் கரைசலைச் சேர்த்தால், சோப்பு உண்டாவதற்கு முன்பே வெண்ணெய் குளிர்ந்து மணி மணியாக உறையும். பார்க்க ட்ரேஸ் வந்ததுபோலவே இருக்கும், கோடுகூட நிற்கும். நம்பி அச்சில் ஊற்றினால் சிறிது நேரத்தில் அது பிரிந்து, அங்கங்கே காரத் தண்ணீர் தேங்கிவிடும். சந்தேகம் வந்தால் கிண்ணத்தை வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்துக் கிண்டிப் பாருங்கள். இளகி மீண்டும் நீர்த்தால் அது பொய் ட்ரேஸ், தொடர்ந்து பிளெண்டர் போட வேண்டும். வெண்ணெய் சேர்க்கும் செய்முறையில் எண்ணெயும் கரைசலும் 40 முதல் 45 டிகிரிக்குள் இருக்கட்டும்.

வேப்பெண்ணெயும், பாட்டிலின் வயசும்

மருந்துச் சோப்பு செய்ய விரும்புகிற எல்லோரும் கேட்பது வேப்பெண்ணெய். இது பெரும்பாலும் சுத்திகரிக்காமலே கிடைக்கும், தனி அமிலங்கள் அதிகம். கரைசலை ஊற்றியதும் மேற்பரப்பில் சிறுசிறு திப்பிகள் தோன்றி, பிளெண்டர் வைத்த சில நொடிகளில் மொத்தமும் தடிக்கத் தொடங்கும். பாதிக்குப் பாதி வேப்பெண்ணெய் போட்டுச் சுழல் வேண்டும் என்பது நடக்காத காரியம். 10, மிஞ்சிப்போனால் 20 சதவீதம் போடுங்கள். மீதியை மெதுவான எண்ணெய்களாக வையுங்கள். பிளெண்டரைத் தொடாமல் கைக்கரண்டியால் கிண்டுங்கள். வாடையை லெமன்கிராஸ் போன்ற காட்டமான வாசனை எண்ணெய் ஓரளவு அடக்கும், முழுதும் மறைக்காது.

வேப்பெண்ணெயில் பளிச்சென்று தெரிவது மற்ற எண்ணெய்களிலும் சன்னமாக நடக்கிறது. வீட்டுச் சோப்பில் செக்கு எண்ணெய்தான் உயர்ந்தது என்று ஓர் எண்ணம் பரவலாக இருக்கிறது. சமையலுக்கு நான் மறுக்கமாட்டேன். ஆனால் சோப்புக்கு ரீஃபைண்ட் எண்ணெயே மேல் என்பது என் உறுதியான கருத்து. ரீஃபைண்ட் செய்யும்போது தனி அமிலங்களை நீக்கிவிடுகிறார்கள். அதனால் இந்த மாதம் வாங்கிய பாட்டிலும் அடுத்த மாதம் வாங்குவதும் ஒரே வேகத்தில் நடந்துகொள்ளும். செக்கு எண்ணெயில் விதையின் ஈரம், ஆட்டிய நாள், வைத்திருந்த விதம் என எல்லாமே வேகத்தை மாற்றும். செக்கு எண்ணெயின் வாசமும் சத்தும் காஸ்டிக்கின் காரத்தைத் தாண்டி முழுதாக மிஞ்சுவதும் இல்லை. பொரித்து மீந்த எண்ணெயில் துவைக்கும் சோப்பு செய்கிறவர்கள் இதைக் கண்ணாரப் பார்த்திருப்பார்கள்: அதே கடலை எண்ணெய், ஆனால் பாதி நேரத்தில் ட்ரேஸ் வந்திருக்கும்.

சிக்கு வாடை வந்த எண்ணெயைச் சோப்பில் கழித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். கலவை வேகமாக இறுகுவது ஒரு பக்கம், அந்த வாடை சோப்பிலும் நிற்கும்.

சென்னை வெயிலும் ஊட்டிக் குளிரும்

இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான செய்முறைகள் குளிர் நாடுகளில் எழுதப்பட்டவை. தேங்காய் எண்ணெயை உருக்கி, எல்லாவற்றையும் 40 டிகிரி சுமாருக்குக் கொண்டுவரச் சொல்வார்கள். தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரியில் உருகும். சமவெளியில் மார்கழி, தை அதிகாலை தவிர அது பெரும்பாலும் திரவமாகவே இருக்கிறது. கோடையில் எண்ணெய் டப்பாவே 35 டிகிரி இருக்கும். இங்கே அடுப்புக்கே வேலையில்லை. மாறாக, கலவையை மெதுவாக்க வேண்டுமானால் காஸ்டிக் கரைசலைத்தான் நன்றாக ஆறவிட வேண்டும். கலந்த உடனே அது 80 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும். பாத்திரத்தை ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் வைத்து அறை வெப்பத்துக்கு இறக்குங்கள். இளஞ்சூடான கலவைக்கும் அறை வெப்பக் கலவைக்கும் இடையே கிடைக்கும் கூடுதல் அவகாசம், எண்ணெயை மாற்றிப் பெறும் அவகாசத்துக்குச் சற்றும் குறைந்ததில்லை. ஊட்டி, கொடைக்கானலில் இருப்பவர்களுக்கு இது தலைகீழ்: தேங்காய் எண்ணெயே உறைந்துகிடக்கும், உருக்காமல் விட்டால் அதுவே பொய் ட்ரேஸ் காட்டும்.

தண்ணீரின் அளவும் கைகொடுக்கும். காஸ்டிக் எடைக்கு இரண்டு மடங்கு தண்ணீர் வைத்தால் வேகம், இரண்டரை மடங்கு வைத்தால் நிதானம். அதற்கு மேல் போனால் சோப்பு சுருங்கும், மேலே வெள்ளைச் சாம்பல் பூக்கும். மல்லிகை வாசனைத் திரவங்கள் சிலவும், கிராம்பு, லவங்கப்பட்டை எண்ணெய்களும் எந்த நிதானமான கலவையையும் நொடியில் இறுக்கிவிடும். மெதுவான எண்ணெயைத் தேடித் தேடி வாங்கிவிட்டு, கடைசியில் கிராம்பு எண்ணெய் ஊற்றினால் பட்ட பாடு வீண்.

சரி, எதை எடுப்பது

சுழல் அல்லது அடுக்கு போட வேண்டும், சமவெளியில் இருக்கிறீர்கள் என்றால் 500 கிராம் எண்ணெய்க்கு இப்படிப் பிரியுங்கள்: தவிட்டு எண்ணெய் 225, தேங்காய் எண்ணெய் 125, கடலை எண்ணெய் 125, விளக்கெண்ணெய் 25 கிராம். 5 சதவீதம் சூப்பர்ஃபேட்டுக்குக் காஸ்டிக் சோடா 69.5 கிராம், தண்ணீர் 160 கிராம். எல்லாம் அறை வெப்பத்தில். பிளெண்டரைச் சில நொடி ஓடவிட்டு, சில நொடி நிறுத்திக் கிண்டி, எண்ணெய்க் கோடுகள் மறைந்ததும் நிறுத்திவிடுங்கள். நிறம் பிரித்து ஊற்றத் தேவையான நேரம் இதில் கிடைக்கும்.

ஒரே நிறம், சீக்கிரம் அச்சிலிருந்து எடுக்க வேண்டும் என்றால்: பாமோலின் 200, தேங்காய் எண்ணெய் 150, கடலை எண்ணெய் 125, விளக்கெண்ணெய் 25. காஸ்டிக் 72 கிராம், தண்ணீர் 145 கிராம். நிறத்தையும் வாசனையையும் முன்கூட்டியே எண்ணெயில் கலந்துவைத்துக்கொள்ளுங்கள், பிறகு சேர்க்க நேரம் இருக்காது. முதல் சோப்பு செய்கிறவர்களுக்கு நான் சொல்வது இதை அல்ல, முதலாவதைத்தான். மெதுவான கலவையில்தான் எண்ணெய்க் கோடு மறைவதையும் ட்ரேஸ் வருவதையும் கண்ணால் பார்த்துப் பழக முடியும்.

தனித் தேங்காய் எண்ணெய் 500 கிராம் என்றால் 20 சதவீத சூப்பர்ஃபேட்டுக்குக் காஸ்டிக் 73 கிராம். போர் தண்ணீர் மட்டுமே உள்ள வீட்டுக்கும், பாத்திரம் துணி துவைக்கவும் அருமையான சோப்பு. துவைக்க மட்டும் என்றால் சூப்பர்ஃபேட்டைக் குறைத்துக்கொள்ளலாம்.

எண்ணெயை மாற்றினால் காஸ்டிக் அளவும் மாறும். தேங்காய் எண்ணெய் ஒரு கிராமுக்கு 0.183 கிராம் காஸ்டிக் எடுக்கும், கடலை எண்ணெய் 0.137, தவிட்டு எண்ணெய் 0.133, விளக்கெண்ணெய் 0.128. கடலை எண்ணெய் தீர்ந்துவிட்டது, தேங்காய் எண்ணெயைக் கூடப் போட்டுக்கொள்ளலாம் என்று கணக்குப் போடாமல் மாற்றினால் காஸ்டிக் போதாமல் சோப்பு எண்ணெய்ப் பிசுக்காக நிற்கும். மறுபக்கமாக மாற்றினால் தோலைச் சுடும். ஒவ்வொரு முறையும் சோப்புக் கணக்கிடும் கருவியில் போட்டுச் சரிபாருங்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். தண்ணீரில்தான் காஸ்டிக்கைப் போட வேண்டும், காஸ்டிக்கில் தண்ணீரை ஊற்றக் கூடாது. அலுமினியப் பாத்திரம் பக்கமே போகாதீர்கள், காஸ்டிக் அதை அரித்து எரியக்கூடிய வாயுவைக் கிளப்பும். எவர்சில்வரோ கெட்டி பிளாஸ்டிக்கோ போதும்.

கடைசியாக, கையிலிருக்கும் பாட்டில் எப்படி நடந்துகொள்ளும் என்று தெரிந்துகொள்ள ஒரு சிக்கனமான வழி இருக்கிறது. 100 கிராம் எண்ணெயைக் கெட்டி பிளாஸ்டிக் டம்ளரில் எடுத்து, அதற்குரிய காஸ்டிக்கை இரண்டு மடங்கு தண்ணீரில் கரைத்து, ஆறியதும் சேர்த்து, கைவிஸ்க்கால் கிண்டிப் பாருங்கள். கடலை எண்ணெய் என்றால் 13 கிராம், தவிட்டு எண்ணெய் என்றால் 12.6 கிராம் காஸ்டிக். 0.1 கிராம் வரை காட்டும் தராசு இருக்க வேண்டும். கோடு நிற்க எத்தனை நிமிடம் ஆனது என்பதை பாட்டிலிலேயே ஒட்டிவையுங்கள். அதே எண்ணெயை வேறு கடையில் வாங்கினால், அல்லது அந்த பாட்டில் பாதியோடு ஆறு மாதம் நின்றுவிட்டால், பெரிய கலவை போடுவதற்கு முன் மறுபடியும் ஒரு டம்ளர் செய்து பார்த்துவிடுங்கள்.